நாலு டிகிரி மல்லிகை

அத்தியாயம் 6

மல்லிகைப் பூவால் ஒரு மனிதனைக் காயப்படுத்த முடியும் என்பதை இம்மானுவேல் அன்று காலைதான் தெரிந்துகொண்டான்.

திருமங்கலம் குளிர்கிடங்கின் கடைசி அறையில், அட்டைப் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி அரும்பை அள்ளியவன், "ஆத்தீ!" என்று கையை உதறினான். அரும்புகள் சிமெண்டுத் தரையில் விழுந்து, கோலிக்குண்டு மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு மூலைக்கு மூலை ஓடின.

"அக்கா, இதைத் தொடுத்துப் பொண்ணு தலையில வச்சா, தாலி கட்டுறதுக்கு முன்னாடி தையல் போட வேண்டியிருக்கும்."

பத்மாசினி சிரிக்கவில்லை. துப்பறியும் நிறுவனம் தொடங்குவதற்கு முன், இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்த லாரிகளையும் மூழ்கிய மோட்டார்களையும் பார்வையிட்டே தலை நரைத்தவர் அவர். நாசமான சரக்கின் முன்னால் சிரிக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். உதவியாளன் சிரிப்பதை நிறுத்த முடியாது என்பது, இம்மானுவேலை வேலைக்கு வைத்த பிறகு கற்றுக்கொண்ட பாடம்.

குளிர்கிடங்குக் கூட்டமைப்பின் தலைவர் வீரணன் அறைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், முகத்தில் கல்யாண வீட்டில் சாம்பார் தீர்ந்துபோன களை.

"பாத்தீங்களாம்மா? இம்புட்டும் முகூர்த்தப் பூ. நாலு டிகிரியில தூங்க வேண்டியது. அந்தப் பாப்பா கை பட்டுச்சு, மைனஸ் பதினஞ்சுக்குப் போயிருச்சு. வெளிய எடுத்து வச்சா வெந்த கீரை மாதிரி ஆகுது."

"இந்த ரூம் அவ்வளவு கீழே இறங்குமா?"

"ஐஸ்கிரீமுக்கும் சேத்துக் கட்டுனதும்மா. இறங்குன்னா இறங்கும். எதுக்குன்னு கேக்காது."

"நல்ல கட்சித் தொண்டன்," என்றான் இம்மானுவேல்.

வீரணன் அதைக் காதில் வாங்கவில்லை. "போலீசுக்குப் புகார் டைப் அடிச்சு ரெடியா இருக்கும்மா. நாலு மணிக்குக் கமிட்டி. எல்லாரையும் வச்சுக்கிட்டு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருவேன். வேணும்னே பண்ணுன நாசவேலை. இன்சூரன்ஸ்காரன் தனியா ஒரு விசாரணை ரிப்போர்ட்டும் வேணுங்கிறான். அதான் உங்களைக் கூப்பிட்டேன். ஒரு பக்கம் போதும்."

"விசாரிச்சிட்டு எழுதணுமா, விசாரிக்காமலேயா?"

"உங்க வசதிம்மா."

வீரணனுக்குக் கிண்டல் புரியாது. பொதுவாழ்க்கையில் அவர் இத்தனை தூரம் வந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

*

அந்தப் 'பாப்பா'வின் பெயர் தமிழ்வாணி. கூட்டமைப்புக்காக வேலை பார்க்கும் என்ஜினியர், ஊர் திருவாதவூர். அடையாள அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, லாரிகளை எடைபோடும் மேடைக்குப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருந்தார்கள். அழுதுகொண்டிருப்பாள் என்று எதிர்பார்த்துப் போனான் இம்மானுவேல். அவள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு எரிச்சலோடு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

"நீங்கதான் அந்த நாசவேலைக்காரியா?"

"ஆமாண்ணே. பார்ட் டைம்."

அவனுக்கு அவளை உடனே பிடித்துப்போனது.

பத்மாசினி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதும்மா. எரிஞ்ச லாரியைக் காட்டுனா, தீ எங்க ஆரம்பிச்சதுன்னு சொல்லுவேன். அதனால லாரி மாதிரி சொல்லு."

தமிழ்வாணி கடலையைக் கீழே வைத்தாள். தன் வேலையைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று ரொம்ப நாள் காத்திருந்தவள் போல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இந்தக் கிடங்கோட குளிரைப் பாத்துக்கிற கம்ப்யூட்டர் எங்க இருக்குன்னு நினைக்கிறீங்க?"

"உள்ளே எங்கேயாவது."

"எங்கேயும் இல்லம்மா. அதுக்கு உடம்பே கிடையாது. வேற ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள்ள உக்காந்துக்கிட்டு, தனிக் கம்ப்யூட்டர் மாதிரி நடிச்சிட்டு இருக்கு."

"எங்க காலேஜ்ல இப்படி ஒரு புரொபசர் இருந்தாரு," என்றான் இம்மானுவேல்.

"உடம்பு இல்லாததால, அதைப் பத்தி எழுதி வச்சிருக்கிற விவரம்தான் அது. எம்புட்டு மெமரி, எத்தனை நெட்வொர்க் கார்டு, எந்தத் தெர்மாமீட்டரைப் பாக்கணும், எத்தனை டிகிரியில நிக்கணும். அந்த விவரத்தைக் கொண்டுபோய் இன்னொரு பெரிய கம்ப்யூட்டர்ல போட்டா, அங்கேயும் அதே கம்ப்யூட்டர் எந்திரிச்சு நிக்கும்."

"அப்ப இடம் மாத்துறது சுலபம்தானே?"

"விவரம் எந்தப் பாஷையில எழுதியிருக்குங்கிறதுல இருக்கு. இத்தனை நாளா நம்ம கிடங்குகளுக்கு இதைப் பாத்துக்கிட்டது சுதர்சன் சிஸ்டம்ஸ். அவங்க அவங்களுக்கு மட்டும் புரியிற மாதிரி எழுதுவாங்க. நீங்க வாடகை வீட்டைக் காலி பண்றீங்க, ஆனா உங்க சாமான் மேலெல்லாம் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிஞ்ச எழுத்துல பேர் எழுதியிருக்கு. எது உப்பு டப்பா, எது சோடா உப்பு டப்பான்னு தெரியாம எங்க போவீங்க? அங்கேயே கிடப்பீங்க. அவர் வாடகையை ஏத்துவாரு."

அதற்குத்தான் அவள் ஒரு பொதுப் படிவம் செய்திருந்தாள். எந்தக் கம்பெனியின் சாயலும் இல்லாமல், எந்தக் கம்பெனியின் மென்பொருளும் படிக்கக்கூடிய ஒரு படிவம். கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லாமலே நடக்கிற வழக்கங்கள் உண்டு. 'காபி' என்று கேட்டால் ஒரு வீட்டில் சர்க்கரை போட்டு வரும், இன்னொரு வீட்டில் சர்க்கரை தனியாக வரும். இரண்டு வீட்டுக்காரர்களும் தங்கள் வழக்கம்தான் உலக வழக்கம் என்று மனதார நம்புவார்கள். கம்பெனிகளும் அப்படியே. பொதுப் படிவம் எழுதுகிறவளின் வேலை, 'இதைச் சொல்ல வேறு வேண்டுமா?' என்று ஆளாளுக்கு விட்டுவைத்ததையெல்லாம் தேடிப் பிடித்துச் சொல்லிவிடுவது. ஆகவே அந்த வேலைக்கு எந்தக் கமிட்டியிலும் நல்ல பெயர் கிடைக்காது.

"ரெண்டு விதிதாம்மா முக்கியம். சுதர்சன் உள்பட எல்லாக் கம்பெனியும் அதுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கு. ஒண்ணு, எண்ணுக்குப் பக்கத்துல அளவு இருக்கணும். நாலுன்னு மட்டும் எழுதக் கூடாது, நாலு செல்சியஸ். ரெண்டாவது, புரியாததை அழிக்காதே. உங்க மென்பொருளுக்குத் தெரியாத ஒரு வரி வந்தா, அதை அப்படியே அடுத்தவங்ககிட்ட ஒப்படைக்கணும். கூரியர்காரர் பார்சலைப் பிரிச்சு, தனக்கு விளங்காததைத் தூக்கியா போடுறாரு?"

"எங்க தெருவுக்கு வர்ற கூரியர்காரரை நீங்க பாத்ததில்ல," என்றான் இம்மானுவேல்.

பத்மாசினி அவனை ஒரு பார்வையில் அடக்கினார். "அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"சுதர்சன்ல இருந்து சென்னைக் கம்பெனிக்கு மாத்துற நாள். காலையில விவரத்தை எடுத்துப் படிவத்துல போட்டு, பென்டிரைவ்ல வச்சேன். உடனே ஏத்தியிருப்பேன். தலைவர், நல்ல நேரம் சாயங்காலந்தான்னுட்டார். அதுவரைக்கும் அவர் வீட்டுப் பூஜை ரூம்ல இருக்கட்டும்னு வாங்கிட்டுப் போனாரு. சாயங்காலம் வெத்தலை பாக்கோட தாம்பாளத்துல வந்துச்சு. எல்லார் முன்னாடியும் நான்தான் சொருகினேன். போட்டோ கூட எடுத்தாங்க. மறுநாள் பூ கல்லாயிருச்சு."

"ஏன்?"

"ஏத்தின பைல்ல செல்சியஸ் இல்ல. வெறும் நாலு. சென்னைக் கம்பெனி மென்பொருள் அமெரிக்காவுல வாங்குனது. அளவு சொல்லலைன்னா ஃபாரன்ஹீட்டுன்னு எடுத்துக்கும். அவங்க நாலு நமக்கு மைனஸ் பதினஞ்சு."

"நடுவுல யாராவது மாத்தினாங்களான்னு கண்டுபிடிக்க வழியே வைக்கலையா?"

"முத்திரை வச்சிருந்தேம்மா. ஒரு எழுத்து மாறினாலும் உடைஞ்சு காட்டிக் குடுத்துரும். கமிட்டியில, 'நமக்குள்ள என்னம்மா முத்திரை, ஒரே குடும்பமாப் பழகுறோம்'னு அடுத்த பதிப்புக்குத் தள்ளிட்டாங்க."

"அந்தக் குடும்பந்தான் இப்ப உங்க மேல புகார் குடுக்குது," என்றான் இம்மானுவேல்.

"ஆமாண்ணே. குடும்பத்துலதானே அதெல்லாம் நடக்கும்."

இரண்டு தாள்களை அவள் நீட்டினாள். ஒன்று, பென்டிரைவில் இருந்த பைலின் அச்சு. மற்றது, அவள் லேப்டாப்பில் இருந்த மூலத்தின் அச்சு. மூலத்தை அவள் பிறகு திருத்தி வைத்துக்கொண்டாள் என்பது வீரணனின் கட்சி.

இம்மானுவேல் முதல் தாளை வாங்கிப் பார்த்தான். உச்சியில் வழக்கம்போல ஒரு பிள்ளையார் சுழி, அதன் கீழே கம்ப்யூட்டரின் பெயர், மெமரி, நெட்வொர்க் கார்டு என்று வரிசையாக இறங்கி, நடுவில் அந்தப் பாழாய்ப்போன நாலு, துணைக்கு ஆளில்லாமல் நின்றது. இரண்டாவது தாளில் அதே நாலுக்குப் பக்கத்தில் செல்சியஸ் இருந்தது.

பத்மாசினியின் விரல் முதல் தாளின் அடியில் போய் நின்றது. "ஃப்ளாப்பி டிரைவ், ஒண்ணு. இது அந்தப் பழைய சதுரத் தட்டு இல்ல? உடம்பில்லாத கம்ப்யூட்டருக்கு எதுக்கு ஃப்ளாப்பி?"

தமிழ்வாணியின் முகம் மலர்ந்தது. "அதைத்தாம்மா நான் கமிட்டியில கேட்டேன். 'ஃப்ளாப்பின்னா என்ன?'ன்னு கேட்டாங்க. சொன்னேன். 'இப்ப எங்க கிடைக்கும்?'னு கேட்டாங்க. அதோட கூட்டம் முடிஞ்சிருச்சு."

"யார் மாட்டுவாங்க இதை?"

"எனக்குத் தெரிஞ்சு சுதர்சன் மட்டுந்தான். கேட்டாலும் கேக்காட்டியும் மாட்டுவாங்க."

பத்மாசினி எழுந்தார். மேசைமேல் பாலிதீன் பைக்குள் அந்தப் பென்டிரைவ் இருந்தது. அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

"பகல் பூரா இது யார்கிட்ட இருந்துச்சு?"

"சாமிகிட்டம்மா."

"அக்கா, சாமியை விசாரிக்க நம்ம ஏஜென்சிக்கு அதிகாரம் கிடையாது," என்றான் இம்மானுவேல். "வாங்க, சுதர்சனைப் பிடிப்போம்."

*

கீழவெளி வீதியை ஒட்டிய சந்தில், மாடியில் இருந்தது சுதர்சன் சிஸ்டம்ஸ். அதன் உரிமையாளர் நாகசுப்பிரமணியன், பத்மாசினியைப் பார்த்ததும் சௌராஷ்டிர மொழியில் நாலு வார்த்தை பேசினார். பத்மாசினியும் சௌராஷ்டிரத்திலேயே பதில் சொன்னார். இருவரும் இம்மானுவேலைப் பார்த்து ஒரே நேரத்தில் புன்னகைத்தார்கள். தனக்குப் புரியாததை அழிக்கக் கூடாது என்று சற்று முன்தான் கற்றிருந்ததால், அவனும் சிரித்து வைத்தான்.

"பூ விஷயம் கேள்விப்பட்டேன்," என்றார் நாகசுப்பிரமணியன், சந்தோஷத்தை முகத்தில் வரவிடாமல் இருக்கப் பெரும்பாடு பட்டுக்கொண்டு. "சின்னப் பொண்ணு. பாவம். நான் அப்பவே சொன்னேன், பழகின இடத்தை விட்டுப் போகாதீங்கன்னு."

"உங்க கம்ப்யூட்டர்ல எல்லாம் ஃப்ளாப்பி இருக்குமாமே?"

"ஆரம்பத்துல ஒரு கஸ்டமர் கேட்டார்."

"இப்ப அவர்?"

"தவறிட்டார். ஃப்ளாப்பி இருக்கு."

பத்மாசினி தமிழ்வாணியின் மூலப் பைலை அவரிடம் கொடுத்தார். "இதை உங்க மென்பொருள்ல திறங்க. எதையும் தொடாதீங்க. சேவ் மட்டும் அமுக்குங்க."

நாகசுப்பிரமணியன் திறந்தார். அமுக்கினார். மறுபடி திறந்து பார்த்தார். நாலுக்குப் பக்கத்தில் இருந்த செல்சியஸைக் காணவில்லை. அடியில், யாரும் அழைக்காமல், ஒரு ஃப்ளாப்பி வந்து உட்கார்ந்திருந்தது.



"எங்க மென்பொருள் தனக்குத் தெரிஞ்சதை மட்டுந்தான் படிக்கும்," என்றார் அவர், மெதுவாக. "தெரியாததை விட்டுரும். பைல் சுத்தமா இருக்கும்."

"புரியாததை அழிக்க மாட்டோம்னு கையெழுத்துப் போட்டீங்களே?"

"கையெழுத்துப் போட்டோம். மென்பொருள்ல இன்னும் போடல. அடுத்த வெர்ஷன்ல வருது."

இம்மானுவேல் மேசையில் கையை ஊன்றினான். தன் வாழ்க்கையில் இப்படி ஒரு வசனம் பேசும் நாள் வரும் என்று அவன் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருக்கிறான். "படிவம் செத்தா கூட்டமைப்பு உங்க காலடியிலேயே கிடக்கும். அதனால பென்டிரைவை நீங்களே எடுத்து…"

"தம்பி, அன்னிக்குக் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நான் விழா நடந்த ஹால்லதான் உக்காந்திருந்தேன். பக்கத்துல சென்னைக் கம்பெனிக்காரங்க. என் வாடிக்கையாளரைத் தூக்கிட்டுப் போக வந்தவங்களோட ஒரே இலை வரிசையில சாப்பிட்டேன். அதைவிட வேற தண்டனை வேணுமா? பென்டிரைவ் பக்கமே நான் போகல."

"உங்க மென்பொருள் வேற யார்கிட்ட இருக்கு?" என்றார் பத்மாசினி.

"எங்க வாடிக்கையாளர் அத்தனை பேர் கம்ப்யூட்டர்லயும். உக்காந்த இடத்துல டிகிரி பாக்குறதுக்குக் குடுத்தது."

"இப்ப காட்டுனதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. திறந்தேன், சேவ் பண்ணேன், செல்சியஸ் போச்சு, ஃப்ளாப்பி வந்துச்சு. அது போதும்."

மறுத்தால் இன்னும் மோசமாகத் தெரியும் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். தாளை எடுத்து, மேலே 'ஸ்ரீ' போட்டு, கீழே நாலு வரி எழுதிக் கையெழுத்திட்டார். பத்மாசினி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, காலையிலிருந்து முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

*

ஸ்கூட்டர் பழங்காநத்தம் தாண்டும்போதே இம்மானுவேல் நாகசுப்பிரமணியனைக் கைது செய்து, கோர்ட்டில் நிறுத்தி, தீர்ப்பும் வாங்கிவிட்டான்.

"அவர்தாங்க்கா. பூஜை ரூமுக்குள்ள ஆள் அனுப்பி மாத்தியிருக்காரு."

"ஒருத்தன் நாசம் பண்ணணும்னு பைலைத் திறந்தா என்ன பண்ணுவான்? நாலை நாப்பது ஆக்குவான். செல்சியஸை மட்டும் பதவிசா எடுத்துட்டு, நான்தான் வந்தேன்னு ஒரு ஃப்ளாப்பியை அடையாளமா வச்சிட்டுப் போவானா?"

"ஞாபகார்த்தமா வச்சிருப்பாரு."

"இம்மானு, தீ வைக்கிறவன் டீசல் ஊத்துவான். பீடியை அணைக்காமத் தூக்கிப் போடுறவன் வேற ஆளு. ரெண்டு லாரியும் எரிஞ்சுதான் கிடக்கும். ஆனா தீ ஆரம்பிச்ச இடம் வேற. இது பீடி. யாரோ வேற எதுக்கோ திறந்திருக்காங்க. ஒண்ணு எழுதியிருக்காங்க. சேவ் பண்ணியிருக்காங்க. மத்ததெல்லாம் மென்பொருள் பண்ணுன கைங்கர்யம்."

கப்பலூர் டோல்கேட்டில் வரிசை நின்றது. ஓரமாக வண்டியை விட்டுக்கொண்டே அவன் கேட்டான்: "என்ன எழுதியிருக்காங்க? செல்சியஸ், ஃப்ளாப்பி, இதைத் தவிர வேற ஒண்ணும் மாறலையே. ரெண்டு தாளையும் வரிக்கு வரி பாத்துட்டேன்."

"நல்லாப் பாத்தியா?"

"சத்தியமா."

"நீ சர்ச்சுக்குப் போறவன். உன் கண்ணுக்கே தட்டுப்படலைன்னா, மதுரைத் தண்ணி உன்னை நல்லா ஊற வச்சிருக்குன்னு அர்த்தம்."

அதன் பிறகு கிடங்கு வரும்வரை அவன் வாயைத் திறக்கவில்லை. பத்மாசினியின் ஏஜென்சி வரலாற்றில் அது ஒரு சாதனை.

*

கமிட்டி நேரத்துக்குத் தொடங்கிவிட்டது. யாரையாவது வேலையைவிட்டுத் தூக்குவதாக இருந்தால் கமிட்டிகள் நேரத்துக்குத் தொடங்கும். நீள மேசையைச் சுற்றிக் கிடங்கு உரிமையாளர்கள்; கடைசி நாற்காலியில் தமிழ்வாணி; வீரணனுக்கு முன்னால் டைப் அடித்த புகார். 'மேற்படி தமிழ்வாணி என்பவர் உள்நோக்கத்துடன்' என்று தொடங்கும் இரண்டாவது பத்தி எல்லோருக்கும் தெரியும்படி மஞ்சள் மையில் பளபளத்தது. அந்தத் தாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டால், அவள் செய்த படிவம் செத்துப்போவது மட்டுமல்ல, அவளை நம்பி யாரும் இனி ஒரு கால்குலேட்டரைக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

"வாங்கம்மா, ரிப்போர்ட் ரெடியா?" என்றார் வீரணன்.

"ரெடி. நீங்க முதல்ல கையெழுத்துப் போடுங்க, தலைவரே. அப்புறம் குடுக்கிறேன்."

தமிழ்வாணி விருட்டென்று நிமிர்ந்தாள். இம்மானுவேலே ஒரு நொடி ஆடிப்போனான். 'என்னக்கா இது?' என்று கண்ணால் கேட்டான். பத்மாசினி, வீரணனின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீரணன் பேனா மூடியைக் கழற்றினார். தாளைத் தன் பக்கம் திருப்பினார். கையெழுத்துப் போட வேண்டிய இடம் அடியில் இருந்தது. ஆனால் பேனா நேராகத் தாளின் உச்சிக்குப் போனது. அங்கே அழகாக, ஆற அமர, ஒரு 'உ' போட்டது. அதன் பிறகுதான் கீழே இறங்கியது.

"அங்கேயே நில்லுங்க," என்றார் பத்மாசினி.

பேனா நின்றது.

"டைப் அடிச்ச தாள். மேலே எழுத ஒண்ணுமே இல்ல. எதுக்குத் தலைவரே சுழி போட்டீங்க?"

"என்னம்மா கேள்வி இது? சுழி போடாம எந்தக் காரியத்தையாவது தொடங்கியிருக்கேனா? மளிகைச் சிட்டைக்கே போடுவேன்."

பத்மாசினி பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து, புகாரின் இரண்டு பக்கமும் வைத்தார். "இது பென்டிரைவ்ல இருந்த பைல். இது இந்தப் பொண்ணோட மூலம். செல்சியஸையும் ஃப்ளாப்பியையும் மட்டுந்தான் எல்லாரும் பாத்தீங்க. உச்சியைப் பாருங்க."

ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து பார்த்தார்கள். ஒரு தாளில் பிள்ளையார் சுழி இருந்தது. இன்னொன்றில் இல்லை.

தமிழ்வாணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அய்யோ… குறிப்புக் கட்டம்! நான் அதை வெறுமனே விட்டிருந்தேன். அச்சுல முதல்ல வர்றது அதுதான். இத்தனை தடவை பாத்தேனே!"

"நான் மட்டும் என்ன? காலையிலேயே அந்த உச்சியில இருந்துதான் படிக்க ஆரம்பிச்சேன்," என்றான் இம்மானுவேல்.

"யாருக்கும் தெரியாது," என்றார் பத்மாசினி. "பிறந்ததுல இருந்து ஒவ்வொரு தாள் மேலயும் அதைப் பாத்துக்கிட்டே இருக்கோம். சுவர்ல சுண்ணாம்பு இருக்கிற மாதிரி. ஆனா கம்ப்யூட்டர் தானா ஃப்ளாப்பி மாட்டும், தானா சுழி போடாது. நாகசுப்பிரமணியன் ஆளுன்னா 'ஸ்ரீ' போட்டிருப்பாரு. எங்கிட்ட எழுதிக் குடுத்ததுலேயே போட்டிருக்காரு. சென்னைக் கம்பெனி ஒண்ணும் போடாது. அன்னிக்குப் பகல் பூரா பென்டிரைவ் இருந்த வீட்டுல, சுதர்சன் மென்பொருள் இருக்கிற கம்ப்யூட்டர் எது, தலைவரே?"

வீரணன் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பரீட்சையில் பிட் அடித்துப் பிடிபட்ட பையன் மாதிரி, "பூஜை ரூமுக்குப் பக்கத்துல," என்றார். "ஆனா நான் ஒண்ணும் பண்ணலம்மா. சுழி மட்டுந்தான் போட்டேன். புதுக் காரியம், வெறும் பைலா எப்படிம்மா ஏத்துறது? மனசு கேக்கல. தலைப்புக்கும் மேலதான் போடலாம்னு நினைச்சேன். இந்தப் பாப்பா ஒரு தடவை சொல்லியிருக்கு, பைலுக்கு முதல் வரிக்கு முன்னாடி ஒத்தை எழுத்து வந்தாக்கூட மெஷின் ஏத்துக்காதுன்னு. அதான் பொறுப்பா, குறிப்புன்னு இருந்த கட்டத்துல போட்டு, சேவ் பண்ணி, மறுபடி சாமிகிட்ட வச்சேன்."

தமிழ்வாணி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஐயா… நீங்க உங்க வழக்கப்படி உச்சியிலேயே போட்டிருந்தீங்கன்னா, சென்னை மெஷின் அந்தப் பைலை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கும். ஒரு பூவும் கெட்டிருக்காது."

"உன் பேச்சைக் கேட்டதாலதான் கெட்டுச்சுங்கிறியா?"

"பாதிப் பேச்சைக் கேட்டதால, ஐயா. முத்திரை வைக்கணும்னும் சொன்னேன்."

மேசையைச் சுற்றி எல்லோருக்கும் திடீரென்று கூரையில் பார்க்க வேண்டிய வேலை வந்தது. ஒரே குடும்பம் என்று சொல்லி முத்திரையைத் தள்ளி வைத்த கைகள் அத்தனையும் அங்கேதான் இருந்தன.

முதலில் சுதாரித்தவர் வீரணன்தான். பொதுவாழ்க்கையில் அவருக்கு அது பழக்கம். "சரி. எல்லாம் அந்தச் சுதர்சன் மென்பொருள் பண்ணுன கோளாறு. வெளிய அப்படியே சொல்லிக்குவோம். சுழி விஷயம் இந்த ரூமைத் தாண்ட வேண்டாம். பாப்பாவும் ஒரு மாசம் லீவுல போகட்டும், சலசலப்பு அடங்குற வரைக்கும்…"

"பாப்பா எதுக்கு லீவுல போகணும்?" என்றார் பத்மாசினி.

"சும்மா, ஒரு மரியாதைக்கு…"

"தலைவரே, என் ரிப்போர்ட் ஒரு பக்கம் போதும்னீங்க. ஒரு பக்கந்தான். நாகசுப்பிரமணியன் மென்பொருள் புரியாததை அழிச்சது. கமிட்டி, முத்திரையைத் தள்ளி வச்சது. நீங்க, கேக்காமத் திறந்தது. தமிழ்வாணி மேல தப்பு இல்ல. இது இன்சூரன்சுக்கு அப்படியே போகும். அதைப் படிச்சிட்டு அவங்க வந்து கேக்குறப்ப, இந்தப் புகாரும் போலீஸ்ல இருந்துச்சுன்னா, பொய்ப் புகார் குடுத்தது யாருன்னுதான் முதல் கேள்வி வரும்."

வீரணன் புகாரைப் பார்த்தார். தான் போட்ட சுழியைப் பார்த்தார். அது அவரைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும். தாளை நாலாகக் கிழித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். சுழி போட்ட தாளைக் குப்பையில் போட அவருக்கு மனம் வரவில்லை.

"அடையாள அட்டை," என்றாள் தமிழ்வாணி, கையை நீட்டி.

யாரோ மேசை இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

"அப்புறம், முத்திரை இந்தப் பதிப்புலேயே வருது. எண்ணுக்குப் பக்கத்துல அளவு இல்லேன்னா எந்த மெஷினும் ஊகிக்கக் கூடாது, மறுத்திரணும். அதோட ஒரு புதுக் கட்டம் சேக்குறேன். மங்கலக் குறி. இஷ்டம் இருந்தா போடலாம், இல்லாட்டி விடலாம். சுழி, ஸ்ரீ, சிலுவை, பிறை, எது வந்தாலும் எல்லா மெஷினும் அப்படியே வச்சுக்கணும். எதையும் மாத்தக் கூடாது."

"எந்தக் கம்பெனிக்கும் சார்பு இல்லாம இருந்துச்சு. இப்ப எந்தச் சாமிக்கும் சார்பு இல்ல," என்றான் இம்மானுவேல். "நாட்டுக்கே இந்தப் படிவத்தைக் குடுக்கலாம். நாடு அடுத்த பதிப்புக்குத் தள்ளிரும்."

வீரணன் ஒரு வெள்ளைத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தமிழ்வாணி மேல் குற்றமில்லை என்று கமிட்டியின் பேரால் எழுத வேண்டும். பத்மாசினி அதை வாங்காமல் எழுந்திருக்கப் போவதில்லை என்பது அவர் உட்கார்ந்திருந்த தோரணையிலேயே தெரிந்தது. வீரணன் பேனாவைத் தாளின் உச்சிக்குக் கொண்டுபோனார். பேனா அந்தரத்தில் நின்றது. காலையிலிருந்து முதல் தடவையாக அவர் தமிழ்வாணியின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"மேல… சுழி போட்டுக்கலாமாம்மா?"

"தாராளமாப் போடுங்க, ஐயா," என்றாள் அவள், அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே. "காகிதம் புரியாததை அழிக்காது."